புல்லில் தொடங்கும் கணக்கு

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஏறி அமர்ந்தால், காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவானைக்காவைத் தொட்டு, அரை மணி நேரத்திற்குள் ஸ்ரீரங்கத்து இராஜகோபுரத்தின் முன் இறங்கிவிடலாம். 1987ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்று, 236 அடி உயர்ந்து நிற்கும் அக்கோபுரத்தை அண்ணாந்து நோக்கிவிட்டு உள்ளே செல்வோரில் பலர், கோயிலின் கீழ்ப்புறத்தே வெள்ளைக் கோபுரத்தை அடுத்துள்ள சேஷராயர் மண்டபத்தை எட்டியும் பாராமல் திரும்பிவிடுகின்றனர். அது பெரிய இழப்பு. விஜயநகரப் பேரரசின் காலத்துச் சிற்பிகள் அம்மண்டபத்தின் முகப்புத் தூண்களில் குதிரைகளை வடித்திருக்கின்றனர். முன்னங்கால்கள் இரண்டையும் வானில் தூக்கித் துள்ளி எழும் குதிரைகள். அவற்றின் மேல் வேலேந்திய வீரர்கள். காலடியில் அந்த வேலுக்கு இலக்காகும் புலிகள். நான் கத்தோலிக்கக் குருவாயினும் இம்மண்டபத்தின் முன் நின்று வியந்த நாள்கள் பல.

கற்குதிரைக்குப் புல்லும் வேண்டாம், கொள்ளும் வேண்டாம். உயிருள்ள குதிரையோ நம் நாட்டு மன்னர்களுக்குப் பெருஞ்செலவு வைத்த பிராணி. அரபு நாட்டிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் அவை கப்பலில் வந்திறங்கின. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டும், ஆண்டு முடிவில் சொற்பமே உயிரோடு எஞ்சின என்று எழுதி வைத்திருக்கிறார். அவற்றைப் பேணத் தெரிந்த ஆள்கள் இல்லாமையை ஒரு காரணமாகச் சொல்லும் அவர், இங்குள்ளோர் குதிரைக்குச் சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் கலந்து ஊட்டினர் என்ற செய்தியையும் குறிக்கிறார். நல்லெண்ணத்தோடுதான் ஊட்டியிருப்பர். விலை உயர்ந்த விருந்தாளிக்கு வெறும் புல்லைப் போடுவதாவது என்று எண்ணினரோ என்னவோ! ஆனால் நாரைச் செரிப்பதற்கென்றே அமைந்த குடலுக்குள் மிகுதியான மாவுப்பொருள் ஒரேயடியாகச் சென்றால், அது பின்குடலில் வேகமாகப் புளித்து அமிலமாகும். வயிற்றுவலி கண்டு குதிரை தரையில் விழுந்து புரளும். குளம்புகள் அழற்சியுற்று நிற்கவும் மாட்டாது போகும். குதிரைக்குப் புல்தான் விருந்து.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மறைக்கல்வி மாணவர்களை மைசூர் விலங்குக் காட்சிச்சாலைக்கு அழைத்துச் சென்றபோது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கேட்ட கேள்வி. வரிக்குதிரைகள் நின்றிருந்த அகழியின் ஓரத்தில் நெடுநேரம் நின்ற அவள், "சாமி, எங்க வீட்டு மாட்டுக்குத் தவிடு, புண்ணாக்கு எல்லாம் வைக்கிறோம்; அப்பவும் எலும்பு தெரியுது. இது காட்டுல வெறும் புல்லைத் தின்னுட்டே எப்படி சாமி இப்படிக் கொழுகொழுன்னு இருக்கும்?" என்றாள். ஒரு வாக்கியத்தில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று அது. விடை தேட ஆப்பிரிக்காவுக்கும் போக வேண்டியதில்லை. மைசூரை அடுத்த ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்தோடும் அதே காவிரிதான் இங்கே ஸ்ரீரங்கத்தையும் தீவாக்குகிறது. வரிக்குதிரையின் வயிற்றுக் கணக்கை இந்தத் தீவிலேயே படித்துவிடலாம்.

நாள்தோறும் வைகறையில் அரங்கநாதர் கோயிலில் நடைபெறும் விசுவரூப தரிசனத்தின்போது, சந்நிதிக்கு எதிரே பசுவும் யானையும் கொண்டுவந்து நிறுத்தப்படுகின்றன என்று ஸ்ரீரங்கத்து நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இரண்டு பிராணிகளும் புல்லையும் தழையையும் தின்று வாழ்பவை. ஆனால் அதை உடலாக்கும் முறையில் இரண்டும் இரண்டு துருவங்கள். வரிக்குதிரை எந்தப் பக்கம் என்று கேட்டால், தோற்றத்தை வைத்துப் பசுவின் பக்கம் என்றே பலரும் சொல்வர். உண்மையில் அது யானையின் பக்கம்.

புல்லின் உடம்பில் பெரும்பகுதி செல்லுலோஸ் என்னும் நார். அந்த நாரை உடைக்கும் செரிமானச் சாறு பசுவிடமும் இல்லை, யானையிடமும் இல்லை, வரிக்குதிரையிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை. பாலூட்டி இனம் எதுவும் அதைத் தானே சுரப்பதில்லை. எனவே புல் தின்னும் பிராணிகள் தம் வயிற்றுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்களைக் கூலிக்கு அமர்த்தியிருக்கின்றன. இருக்க இடமும், சூடும், வேளை தவறாத தீனியும் கூலி. நாரைப் புளிக்கவைத்து உடைத்துக் கொடுப்பது வேலை. கூலியாள்களைக் குடியமர்த்தும் அறை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும் அடங்கியிருக்கிறது.

பசு அந்த அறையை வாசலிலேயே வைத்திருக்கிறது. நான்கு அறைகள் கொண்ட அதன் இரைப்பையில் முதல் அறை பெரிய பசுக்களுக்கு நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். அவசர அவசரமாக மேய்ந்து அங்கே நிரப்பிக்கொண்டு, பிறகு வேப்ப மரத்தடியில் படுத்து, கவளம் கவளமாக வாய்க்கு வரவழைத்து அசைபோடுகிறது. நன்றாக அரைபட்டுப் பொடியாகும் வரை நார் அடுத்த அறைக்குப் போக வழியில்லை. தின்றது வெளியேற ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். இதில் வேடிக்கையான இலாபம் ஒன்றும் உண்டு. புல்லைத் தின்று பெருகிய அந்த நுண்ணுயிர்களும் செரிமானக் குழாயில் பின்னுக்குத் தள்ளப்பட்டுப் பசுவுக்கே புரதமாகிவிடுகின்றன. பசு புல் தின்கிறது என்பது பாதி உண்மை. புல்லில் விளைந்த நுண்ணுயிர்களையும் சேர்த்தே தின்கிறது. நம் வீட்டுத் தயிருக்குப் பின்னே இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

யானையும் வரிக்குதிரையும் அந்த அறையைக் கொல்லைப்புறத்தில் வைத்துள்ளன. இரைப்பை சிறியது, ஒரே அறை. அதையும் சிறுகுடலையும் கடந்து, குருட்டுக்குடலுக்கும் பெருங்குடலுக்கும் வந்த பிறகே நார் புளிக்கத் தொடங்குகிறது. அசைபோடுவது இல்லை, தின்றது இரண்டு நாளுக்குள் வெளியேறிவிடும். நார் முழுமையாகச் செரிவதற்குள் வெளியேறுவதால் நட்டம் அதிகம். யானை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தழை தின்று அதில் பாதிக்கும் குறைவாகவே செரிக்கிறது. பாகன்களைக் கேட்டால் தெரியும், யானையின் சாணத்தை உதிர்த்துப் பார்த்தால் தென்னோலை நாரும் சோளத்தட்டையின் துணுக்கும் போட்டது போட்டபடி கிடக்கும். குதிரைச் சாணமும் அப்படித்தான். ஒரு காலத்தில் திருச்சி ரயில் சந்திப்பின் வாசலில் வரிசையாக நின்ற ஜட்கா வண்டிகளைக் கண்ட பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் வரிக்குதிரை நட்டப்பட்ட பிராணியா? இல்லை, அங்கேதான் சூட்சுமம். பசுவின் முறை சிக்கனமானது, ஆனால் மெதுவானது. புல் முற்றி, நார் தடித்து, சத்துக் குறைந்துபோனால் பசுவின் முதல் அறை அடைத்துக்கொள்ளும். நிரம்பிய வயிற்றோடு பசு இளைக்கும். கோடையில் வைக்கோல் ஒன்றையே நம்பியிருக்கும் நம் மாடுகளுக்கு நேர்வது இதுவே. அந்தச் சிறுமியின் கேள்வியில் பாதிக்கு விடையும் இதுவே. வரிக்குதிரைக்கு அத்தகைய அடைப்பு இல்லை. மட்டமான புல்லா, இருமடங்கு தின்றுவிட்டுப் போவோம் என்று நாளின் பாதிக்கும் மேற்பட்ட நேரத்தை மேய்ச்சலிலேயே கழிக்கிறது. சிக்கனத்தால் வாழும் குடும்பமும் உண்டு, ஓயாத உழைப்பால் வாழும் குடும்பமும் உண்டு அல்லவா? பசு முன்னது; வரிக்குதிரை பின்னது.

இதன் பயனைக் கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டின் செரங்கெட்டி சமவெளியில் பெரிய அளவில் காணலாம். ஏறத்தாழ இரண்டு இலட்சம் வரிக்குதிரைகளும், பதின்மூன்று இலட்சம் வில்டபீஸ்ட் என்னும் அசைபோடும் மிருகங்களும் அங்கே மழையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வலம் வருகின்றன. உயர்ந்து முற்றிய புல்வெளிக்குள் பெரும்பாலும் முதலில் நுழைவது வரிக்குதிரை. அது தடித்த தண்டை மேய்ந்துவிட்டுப் போனபின், அடியிலுள்ள இலை மிகுந்த புல்லுக்கு வில்டபீஸ்ட் வருகிறது; அதன்பின் புதிதாகத் துளிர்க்கும் கொழுந்துக்குச் சிறுமான்கள் வருகின்றன. ஒருவர் தட்டில் ஒருவர் கைவைக்காத பந்தி!

வரிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பிள்ளைகள் விடமாட்டார்கள். சிங்கத்தின் கண்ணை ஏமாற்றவே அந்த வரிகள் என்று நாம் படித்தோம். இப்போது அறிவியலார் பெரிதும் ஏற்பது வேறொரு விளக்கம்: கடிக்கும் ஈக்களைத் தடுமாறச் செய்யவே அவை. பறந்து வரும் ஈக்கு, வரி போட்ட உடம்பின் மேல் சரியாக இறங்கத் தெரிவதில்லை. 2019ஆம் ஆண்டு ஜப்பானில் கறுப்புப் பசுக்களின் மேல் வெள்ளை வரிகள் தீட்டிப் பார்த்தனர். ஈக்கடி பாதியாகக் குறைந்தது. இரத்தம் இழப்பதும், நோய் தொற்றுவதும், வாலை வீசி வீசியே மேய்ச்சல் நேரத்தை இழப்பதும் பிராணியின் வரவுசெலவில் பெரிய செலவுகள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வண்ணம் பூசுவதோடு நிறுத்தாமல் முதுகிலும் நான்கு கோடு இழுத்தால் என்ன என்று எங்கள் உபதேசியாரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

புல்லுக்குள் அந்த ஆற்றல் எங்கிருந்து வந்தது? கதிரவனிடமிருந்து. இலையிலுள்ள பச்சையம் ஒளியைப் பிடித்து, காற்றின் கரியமில வாயுவையும் வேர் தரும் நீரையும் கொண்டு சர்க்கரை ஆக்குகிறது. வயலில் விழும் வெயிலில் நூற்றில் ஒரு பங்கு இவ்வாறு பிடிபட்டாலே பெரிது. அந்த ஒரு பங்கை வைத்துத்தான் ஸ்ரீரங்கத்து யானையும், செரங்கெட்டியின் சிங்கமும், இதைப் படிக்கும் நீங்களும், எழுதும் நானும் மூச்சு விடுகிறோம். எந்தப் பிராணியும் ஆற்றலை உண்டாக்குவதில்லை. பச்சிலை சேர்த்ததைக் கை மாற்றிச் செலவழிக்கிறது, அவ்வளவே.

பச்சிலைகளைப் பற்றிப் பேசுகையில் காவிரியின் இந்தக் கரைக்கு, திருச்சி நகருக்கு, ஒரு நடை வந்துவிட்டுப் போக வேண்டும். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்கு இடம்பெயர்ந்த தூய வளனார் கல்லூரியில், ராப்பினாட் உலர்தாவரத் தொகுப்பகம் 1967 முதல் இயங்கி வருகிறது. சேசு சபையின் தாவரவியலாளர் தந்தை ராப்பினாட் அவர்களின் பெயரால் அதை நிறுவியவர் சேசு சபைத் தந்தை கே. எம். மாத்யு. மலையும் காடும் வயல்வரப்பும் அலைந்து செடிகளைப் பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயரும் ஊரும் நாளும் எழுதி வைக்கும் பொறுமையான வேலை. அதன் பயனாகத் தமிழ்நாட்டுச் சமவெளியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல் 1981 முதல் 1988 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. நாம் பொதுவாகப் 'புல்' என்று ஒரே சொல்லில் தள்ளிவிடும் கூட்டத்தில் அறுகு, கோரை, தருப்பை, நாணல் என்று எத்தனை வேறுபாடு! கோரையைத் தாவரவியலார் புல்லினத்தில் சேர்ப்பதே இல்லை. வரிக்குதிரையைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். அது தின்னும் புல்லுக்குப் பெயர் எழுத மாத்யு அவர்களைப் போன்ற ஒருவர் எப்போதாவதுதான் வருகிறார்.

இனிக் கணக்குக்கு வருவோம். நம் தாய்மார்கள் அனைவரும் அறிந்த கணக்குத்தான். வீட்டுக்கு நூறு ரூபாய் வரவு, வாடகை, அரிசி, பள்ளிக்கூடம், மருந்து என்று தொண்ணூறு செலவு, மிச்சம் பத்து. பிராணியும் அப்படியே. தின்றதில் ஒரு பகுதி செரியாமல் வெளியேறுகிறது. செரித்ததிலும் பெரும்பகுதி நடக்க, மூச்சுவிட, உடம்பைச் சூடாக வைத்திருக்கச் செலவாகிறது. எஞ்சிய சிறு பங்கே தசையாகவும் கன்றாகவும் சேர்கிறது. அடுத்தவன் தின்னக்கூடியது அந்தச் சேமிப்பை மட்டுமே. ஆக, புல்லில் ஆயிரம் பங்கு இருந்தால், புல் தின்னியின் உடலில் நூறு, அதைத் தின்னும் புலியின் உடலில் பத்து என்று ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகச் சுருங்கும். இது தோராயக் கணக்கு. ஐந்து விழுக்காடாக இருக்கும் இடமும் உண்டு, இருபதாக இருக்கும் இடமும் உண்டு. ஆனால் சுருங்காத இடம் இல்லை.

இந்தக் கணக்கை முதலில் ஒழுங்காகப் போட்டவர் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த ரேமண்ட் லிண்டமன் என்னும் இளைஞர். சீடர் பாக் என்னும் ஆழமில்லாத சிறு ஏரி ஒன்றைப் பல ஆண்டுகள் தோண்டித் துருவி, அதன் பாசி எவ்வளவு, பாசி தின்னும் பூச்சி எவ்வளவு, பூச்சி தின்னும் மீன் எவ்வளவு என்று அளந்தார். அவர் எழுதிய கட்டுரையை முதலில் ஏற்க மறுத்தார்கள். ஆசிரியர் ஒருவர் விடாது வாதாடியதால் 1942இல் அச்சேறியது. அச்சில் பார்க்க லிண்டமன் உயிரோடு இல்லை. நோயுற்று, தமது 26ஆம் வயதில், சில மாதங்களுக்கு முன்னரே காலமாகிவிட்டார். இன்று உலகின் எந்தப் பள்ளிப் பாடநூலைத் திறந்தாலும் அந்தக் குட்டையின் கணக்கு இருக்கிறது.

செரங்கெட்டியில் இலட்சக்கணக்கான மேய்ச்சல் மிருகங்களுக்கு நடுவே சிங்கங்கள் மூவாயிரம் அளவிலேயே இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். சிங்கத்துக்கு வீரம் குறைவில்லை, வரவு குறைவு. நம் நாட்டிலும் அப்படியே. ஒரு புலிக்கு ஆண்டுக்குப் புள்ளிமான் அளவில் ஐம்பது இரை வேண்டும்; மந்தை தேயாமல் அந்த ஐம்பதைக் கொடுக்க ஏறத்தாழ ஐந்நூறு உருப்படிகள் காட்டில் இருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் உல்லாஸ் கரந்த் அவர்களின் கணிப்பு. சேஷராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைக்கு ஒரு புலி என்று சிற்பி செதுக்கிவிட்டார். கல்லில் அது முடியும்.

காவிரிப் பாலத்தில் நின்று கீழே பார்த்தாலும் இதே ஏணிதான். நீரில் கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசியைத் தின்னும் நுண்ணிய பூச்சி. அதைத் தின்னும் கெண்டைக் குஞ்சு. குஞ்சுக்குக் காத்திருக்கும் மீன்கொத்தியும் நீர்க்காகமும். இவற்றுக்கெல்லாம் மேலே நீர்நாய். ஒவ்வொரு படியாக ஏற ஏற ஆள் குறையும். முதலை மட்டும் இந்தக் கணக்கில் தனி ரகம். கொள்ளிடத்தில் இன்றும் முதலைகள் உண்டு. உடம்பைச் சூடாக்க அது தன் இரையைச் செலவழிப்பதில்லை. மணல் திட்டில் வாயைத் திறந்து வெயில் காய்ந்தே சூடேற்றிக்கொள்கிறது. அதனால் ஒருமுறை வயிறார உண்டால் வாரக்கணக்கில் சும்மா கிடக்கும். அடுப்பே எரிக்காத குடித்தனம். நாமும் நீர்நாயும் வரிக்குதிரையும் அப்படி வாழ முடியாது. எங்கள் உலை இரவும் பகலும் எரிந்தாக வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் தபசுக் காலமும் நாம் அனுசரிக்கும் சுத்தபோசனத்தின் காரணம் வேறு. இருப்பினும் இக்கணக்கு அதையும் தொடுகிறது. ஒரு வயலில் விளையும் தானியத்தை மனிதனே உண்டால் பலர் உண்ணலாம். அதே தானியத்தைக் கோழிக்கும் கடாவுக்கும் போட்டு, அவற்றை மனிதன் உண்டால் மிகச் சிலரே உண்ணலாம். ஆயினும் மனிதன் தின்ன முடியாத புல்லையும் தட்டையையும் பாலாக மாற்றித்தரும் பசுவை இந்தக் குற்றச்சாட்டில் சேர்க்கக்கூடாது. வரப்புப் புல்லை மேய்ந்து வீட்டுக்குப் பால் தரும் ஒரு மாடு ஏழைக் குடும்பத்தின் வைப்புநிதி.

ஆற்றல் படிப்படியாகச் சுருங்குகிறது என்றேன். சில நஞ்சுகளோ சுருங்குவதில்லை. டி.டி.டி. போன்ற பூச்சிமருந்துகள் கொழுப்பில் தங்கிவிடுவதால், ஆயிரம் பங்கு தீனி நூறு பங்கு உடலாகும்போது ஆயிரம் பங்கின் நஞ்சும் அந்த நூறுக்குள் நெருக்கி வந்து அமர்கிறது. மேற்படியில் இருப்பவருக்கு வரவு குறைவு, நஞ்சு அதிகம்.

பிணந்தின்னிக் கழுகுகளுக்கு நேர்ந்தது வேறு வகை. 1990களில் அவை நாடெங்கும் கூட்டம் கூட்டமாக மடிந்தன. சில இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் அழிந்தன. மாடுகளின் வலிக்கும் வீக்கத்துக்கும் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மலிவான ஊசிமருந்தே காரணம் என்று 2004இல் கண்டறியப்பட்டது. அம்மருந்து போட்ட சில நாளில் மாடு செத்து, அதன் ஊனைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் பழுதாகி அதுவும் செத்துவிடும். 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. அதற்குள் செத்த மாடுகளைச் சுத்தம் செய்ய ஆளில்லாமல் தெருநாய்கள் பெருகின. நீர்நிலைகளில் அழுகல் கலந்தது. 2000 முதல் 2005 வரை இதனால் கூடுதலாக இறந்த மனிதர் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் என்று 2024இல் வெளிவந்த பொருளியல் ஆய்வொன்று கணக்கிட்டது. நம் மாநிலத்தில் இன்று எஞ்சிய கழுகுகளின் முக்கியமான புகலிடம் நீலகிரியின் அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அந்த மாயாறு பவானியில் கலந்து, பவானி காவிரியில் கலந்து, அதே நீர்தான் அம்மா மண்டபப் படித்துறையைத் தொட்டுப் போகிறது.

ஏணியின் அடிப்படியே ஆட்டம் காணுவதைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். திருச்சியில் குருமாணவனாக இருந்த நாள்களில் ஸ்ரீரங்கத் தீவைச் சுற்றி வந்தால் வாழைத் தோட்டமும் நெல்வயலும் கண்ணுக்கெட்டும் தூரம் விரிந்திருக்கும். இன்று வரப்பு இருந்த இடங்களில் வண்ணக் கற்கள் நட்டு மனைப்பிரிவு. வீடு தேடுவோரை நான் குறைசொல்ல மாட்டேன். நம் பங்குக் குடும்பங்கள் பலவும் அவ்வாறு மனை வாங்கியவையே. ஆனால் வரப்பு போனால் வரப்புப் புல் போகும். புல் போனால் மாடு தெருவுக்கு வரும். தெருவில் அதற்குக் கிடைப்பது பிளாஸ்டிக் பையில் முடிந்து எறியப்பட்ட மிச்சச் சோறு. முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையில்லை, பையோடு விழுங்குகிறது. நூறு லிட்டர் கொள்ளும் என்றேனே, அந்த முதல் அறையில், பொடியாகாத எதுவும் அடுத்த அறைக்குப் போகாது என்றேனே, அங்கேயே அந்தப் பை தங்கிவிடுகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு, கிலோக்கணக்கில் சேர்ந்து, நிரம்பிய வயிற்றோடு மாடு பட்டினியால் சாகிறது. 2019 சனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை இருக்கிறது. திருவிழாச் சாப்பாடு முடிந்த மறுநாள் காலையில் கோயில் வளாகத்துக்கு வெளியே போய்ப் பார்த்தால் தடை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியும். இவ்வாண்டு எங்கள் பங்கில் எச்சில் இலைகளைப் பையில் கட்டாமல் கூடையில் வாரிக் குழியில் கொட்டுவது என்று அன்பியக் கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது.

குடும்பத்தோடு ஸ்ரீரங்கம் போவோர் ஒரு நாளில் பாதியை மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒதுக்கலாம். மேலணைக் காப்புக்காட்டில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, 2015இல் திறக்கப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட வண்ணத்துப்பூச்சி இனங்கள் அங்கே பதிவாகியுள்ளன. பூவுக்காகச் செடி வைத்த பூங்கா அன்று. புழுவுக்காகச் செடி வைத்த பூங்கா. எருக்கில் ஒரு புழு, ஆடுதீண்டாப்பாளையில் ஒரு புழு, எலுமிச்சையில் ஒரு புழு என்று ஒவ்வொன்றுக்கும் உரிய இலையைத் தேடிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். எருக்கின் நஞ்சைத் தின்று தன் உடலில் சேர்த்து வைக்கும் புழுவைப் பறவைகள் தொடுவதில்லை. மற்றப் புழுக்களைத் தையல் சிட்டு தன் குஞ்சுகளுக்குச் சுமந்து செல்லும். சிட்டை வல்லூறு கண்காணிக்கும். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம்போல் ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைத் தாய்மார்கள் நசுக்கிவிடுகிறார்கள்; கொத்து இலையைத் தியாகம் செய்தால், சில வாரத்தில் அதுவும் மஞ்சளும் கறுப்பும் கலந்த அழகிய வண்ணத்துப்பூச்சியாகும். வரிக்குதிரையைக் காணவில்லையே என்று பிள்ளைகள் ஏமாந்தால், சிறகின் அடியில் பழுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட, விரல் நகத்தளவு சிறிய நீலப்பூச்சி ஒன்றைத் தேடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளுக்காகவே வரிக்குதிரையின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். தமிழகத்தில் எங்கும் காணக்கூடியது. சித்திரமூலச் செடியின் பூக்களுக்கு அருகில் சுற்றும்.

மிக அதிகாலையில் போக வேண்டாம். குளிர்ந்த உடம்போடு வண்ணத்துப்பூச்சி பறக்காது. சிறகை விரித்து வெயிலில் சூடேறும் வரை இலையில் அசையாமல் அமர்ந்திருக்கும். ஒன்பது மணி தாண்டி, பனி உலர்ந்த பின் செல்வது நலம். குடிநீரை வீட்டிலிருந்து பாத்திரத்தில் எடுத்துச் செல்லுங்கள்.